கோடு ஆடிய செவ்வாய்க்கிழமை

"செவ்வாய், மாலைப் பணி. உறவினர் தாக்கியதில் பயிற்சி மருத்துவருக்கு மேலுதடு கிழிந்தது. மானிட்டர் உடைந்தது." கடலூரில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் பதிவேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. அது ஐப்பசி மாதம் என்பது என் குறிப்பு. பயிற்சி மருத்துவர்களுக்கான வகுப்புகள் அப்போது என் பொறுப்பு.

கம்மாபுரம் பக்கத்தில் டிராக்டர் கவிழ்ந்து நெஞ்சு நசுங்கியவரை அவருடைய மச்சானும் சில உறவினர்களும் தூக்கி வந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. இறந்துவிட்டார் என்று சொல்லப் பயிற்சி மருத்துவருக்கு வாய் வரவில்லை. இதயத்துடிப்பைக் கோடாகக் காட்டும் மானிட்டரைக் காட்டினார்.

"கோடு நேரா வந்துட்டா உயிர் இல்லன்னு அர்த்தங்க."

"மாமா, எழுந்திரு மாமா!" என்று மச்சான் கட்டிலைப் பிடித்து உலுக்கினார். உலுக்கலில் ஒயர்கள் அசைந்தன. கோடு துள்ளியது.

"ஆடுதுடா! உசுரோட இருக்கறவர பொணங்கறான்!"

குளுக்கோஸ் ஸ்டாண்டு பயிற்சி மருத்துவரின் முகத்தில் இறங்கியது. கீழே விழுந்தவரின் தலைமுடியைப் பிடித்து ஆக்சிஜன் சிலிண்டரில் மோதினார்கள். நான் ஓடிவந்தபோது விலாவில் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

உதட்டில் தையல் பிரித்ததும் பயிற்சி மருத்துவர் சிதம்பரத்தில் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அவசரப் பிரிவில் அவர் பணி செய்ய வேண்டிய நாட்கள் பாக்கி. அதை முடிக்காமல் டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. போய்ப் பார்த்தேன்.

"அந்த வார்டுக்குள்ள இனிமே கால வெக்க மாட்டேன் சார். டிகிரி போனா போவுது."

நாங்கள் மானிட்டர் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்து அதில் பரீட்சையும் வைத்திருந்தோம். மரணத்தைச் சொல்வது பற்றி ஒரே ஒரு விரிவுரை. யாரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியதில்லை. பாடத்திட்டத்தை மாற்றி எழுதினேன்: முதலில் ஒயரைக் கழற்று, பிறகு "இறந்துட்டாரு" என்ற சொல்லை நீயே சொல். இதை நடித்துப் பழக வேண்டும். முதல் வகுப்புக்கு அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன்.

மயக்க மருந்து டாக்டர் மச்சானாக நடித்தார். சட்டைக் காலரைப் பிடித்து, "எங்க மாமாவ என்னடா பண்ண?" என்று கத்தினார். பயிற்சி மருத்துவர் கையில் கிடைத்த எஃகுத் தட்டால் அவர் மூக்கில் அறைந்தார். மறுபடியும் ஓங்கினார். மூன்று பேர் சேர்ந்து பிடித்தோம். தரையெல்லாம் ரத்தம்.

வகுப்பை நிறுத்தச் சொன்னார் நிர்வாகி. மூக்கில் பஞ்சோடு மயக்க மருந்து டாக்டர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"நிறுத்தாதீங்க. அடுத்த தடவ என்னைய பொணமா போடுங்க, அதான் சேஃப்டி."

பயிற்சி மருத்துவர் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி காலரப் புடிங்க சார்" என்றார். பிடித்தார். "உங்க மாமா இறந்துட்டாருங்க" என்றார் பயிற்சி மருத்துவர்.

திங்கட்கிழமை பணிக்கு வந்தார். அந்த வாரமே விபத்தில் ஒருவர் இறந்துபோக, ஒயரைக் கழற்றிவிட்டு அவரே வெளியே போய்ச் சொன்னாராம். இறந்தவரின் அண்ணன் ஓங்கிய கையை இறக்கி அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாராம். அன்று நான் விடுப்பில் இருந்தேன். எனக்கு இதைச் சொன்னவரும் நேரில் பார்த்தவரல்ல. பதிவேட்டில் மரணம் மட்டும் இருக்கிறது. மற்றதை இன்னும் சரிபார்க்க முடியவில்லை.