சோபா நோயாளி

லண்டனில், மிச்சம் என்று பெயர் கொண்ட பகுதியிலுள்ள எங்கள் வீட்டில், மாலை நேரங்களில் எனக்கு அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது. நான் சோபாவில் படுத்துக்கொள்வேன். வேலையிலிருந்து வந்த மகள் சுகந்தி, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வாயைத் திறக்கச் சொல்லி, ஆடும் பல் உண்டா என்று பார்ப்பாள். தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இவ்வயதில் கிடைத்திருக்கும் பதவி, நோயாளி.

சுவிஸில் தாதியாகப் பயின்று, மயக்க மருந்து கொடுப்பதற்கான சிறப்புப் பயிற்சியையும் முடித்து, பேர்ன் நகரில் பல ஆண்டுகள் நோயாளரை உறங்கவைத்து எழுப்பியவள் அவள். கணவனின் கடைக்காக இங்கே வந்த பின்னர்தான், இந்நாட்டில் அது மருத்துவரின் பணி என்று தெரிந்தது. அவருடைய மேற்பார்வையில் செய்யலாம். அதற்கு இரண்டாண்டுப் பயிற்சியும் தேர்வுகளும் புதிதாக வேண்டும். விமானம் ஓட்டியவருக்கு இருக்கைப் பட்டி கட்டப் பழக்குவதைப் போன்ற ஏற்பாடு. அந்தப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வில், நோயாளியாக நடித்தவரிடம் கேள்விகளை அடுக்கியவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்று கூறி நிராகரித்துவிட்டார்கள். இரண்டாம் முறையும் தவறினால் இத்துறையையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கான ஒத்திகைக்குத்தான் நான் சோபாவில் படுக்கத் தொடங்கினேன்.

"கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?"

யாழ்ப்பாணத்தில் பிறர் வீட்டில் இக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. "இப்பதான் பிள்ளை. எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"ஐயோ அப்பா! வெறும் வயிறு எண்டெல்லோ சொல்லவேணும். ஒப்பரேஷன் கான்சல்!"

"அப்ப ஒரு தேத்தண்ணியாவது தாவன்."

மீண்டும் தொடங்கினோம். "நித்திரையில குறட்டை விடுவீங்களோ?"

"அம்மாவைத்தான் கேக்கவேணும்," என்றேன். சொன்ன பிறகே நினைவு வந்தது. நாங்கள் வாழ்ந்த பேர்னில் என் மனைவி காலமாகி ஓராண்டு ஆகியிருக்கவில்லை.

அடுத்த கேள்விக்காகத் திறந்த வாயைச் சுகந்தி மூடிக்கொண்டாள். சமையலறையில் கேத்தலில் தண்ணீர் கொதித்து ஓய்ந்தது. அவள் காத்திருந்தாள்.

"விடுவன்," என்றேன் ஒருவாறு. "அம்மா விலாவில இடிப்பா. நான் மற்றப் பக்கம் திரும்பி விடுவன்."

"ஓம், அது எங்கட அறைக்கும் கேக்கிறது," என்றாள். "அப்ப ஏன் கேட்டனி?" என்றேன். இருவரும் சிரித்தோம்.

இரண்டாம் நேர்முகத் தேர்வில் அவளுக்கு இடம் கிடைத்தது. பயிற்சி தொடங்கியும் எனக்கு விடுதலையில்லை.

நேற்று, "மயக்க மருந்து தந்தாச்சு. பத்தில இருந்து கீழ எண்ணுங்கோ," என்றாள். கண்ணை மூடித் தமிழில் தொடங்கினேன். ஏழுக்கு வந்தபோது, பேர்ன் சந்தையில் மனைவியோடு நின்று பழகிய ஜெர்மன் வந்து சேர்ந்தது. நான்கில் ஆங்கிலம். ஒன்றை எம்மொழியில் சொல்வதென்று தயங்கிக் கிடக்கையில், சுகந்தி என் நெற்றியில் கைவைத்தாள்.

"அப்பா, நீங்கள் எப்பவோ நித்திரையாப் போனியள். பேசாமல் கிடவுங்கோ."