ஃபேன் சுற்றினால் ஒரு விலை

பில் கவுன்டர் வேலை என்பது, அட்டையில் ஒரு விலையும் மெஷினில் இன்னொரு விலையும் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து திட்டு வாங்குகிற வேலை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மளிகையிலிருந்து போர்வை வரை விற்கிற ஒரு கடையில் சில வருடங்களாக நான் அதைத்தான் பார்க்கிறேன். எங்கள் முதலாளி நல்ல மனுஷர். ஆனால் மகா கஞ்சம். பில்லில் விலை குறைந்துபோனால் வித்தியாசத்தை பில் போட்டவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார். இதைப் படிக்கிறவர்களில் கவுன்டருக்கு உள்ளே இருந்து திட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள், வெளியே நின்று திட்டியவர்களும் இருப்பீர்கள். இரண்டு பேருமே நம்ம கட்சிதான், வாருங்கள்.

ஜில்லுக்கு இரண்டு ரூபாய்

ஃப்ரிட்ஜில் வைத்த கூல்டிரிங்க்ஸுக்கு, பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வாங்கச் சொல்லியிருந்தார் முதலாளி. ஃப்ரிட்ஜ் ஓடுகிற கரண்டுக்கு யார் பணம் கட்டுவது என்பது அவர் வாதம். எனக்கு அந்த இரண்டு ரூபாயைக் கேட்கும்போதெல்லாம் வாய் கூசும். கேட்காவிட்டால் என் சம்பளத்தில் போகுமே, அதனால் கேட்டுவிடுவேன்.

ஒருநாள் நல்ல வெயிலில், மார்க்கெட் கமிட்டியில் மக்காச்சோளத்தை விற்றுவிட்டு நைனார்பாளையத்து விவசாயி ஒருவர் வந்தார். இரண்டு ரூபாய் ஜாஸ்தி என்றதும் கோபப்படவில்லை. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது, நுகர்வோர் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் முதலாளி விழுப்புரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடையாய் நடக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். முதலாளி கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். விவசாயி வாசலில் வெயிலில் அடுக்கியிருந்த பாட்டில்களைக் காட்டி என்னிடம் கேட்டார்: "ஜில்லுன்னு இருந்தா ரெண்டு ரூபா ஜாஸ்தின்னா, அதோ வெந்துகினு கெடக்குதே, அதுக்கு ரெண்டு ரூபா கம்மி பண்ணுவீங்களாம்மா?"

வாசலில் வந்த போர்டு

கோர்ட் என்ற சொல் முதலாளியை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் வாசலில் பெரிய போர்டு வந்துவிட்டது. "அச்சிட்ட விலைக்கு மேல் வாங்க மாட்டோம். அட்டையில் போட்ட விலையே பில்லிலும்." முதல் வரி பயத்தில் எழுதியது. இரண்டாவது வரியை ஒரு உற்சாகத்தில் சேர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

போர்டுக்கு முதல் சோதனை விநோதமான திசையிலிருந்து வந்தது. சின்னசேலத்துக்காரர் ஒருவர் அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்களை மொத்தமாக எடுத்தார். மெஷினில் போட்டால் அட்டை விலையைவிடக் குறைவாக வந்தது. சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. பில்லை அட்டை விலைக்கே போடச் சொன்னார். கம்மியான விலையை வேண்டாம் என்கிற வாடிக்கையாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. காரணம் கேட்டதற்கு, போனைக் காட்டிச் சொன்னார்: "மாமாவுக்கு அப்பவே அட்டைல இருக்கற வெலயச் சொல்லிட்டங்க. இப்ப கம்மியா பில்லு எடுத்துகினு போனா, மத்த சாமான்ல எவ்ளோ அமுக்குனன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாரு."

பழைய அட்டை, புது விலை

எங்கள் கடையின் விலை அட்டைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விலை ஏறினால் மற்ற கடைகளில் புது அட்டை எழுதுவார்கள். எங்கள் முதலாளி பழைய அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுவார். அந்தப் பக்கத்தை முன்னால் வைத்து மாட்டினால், முன்பக்கம் இந்த வருட விலை, பின்பக்கம் போன வருட விலை. நூலில் கட்டித் தொங்கவிடுவதால், ஃபேன் போட்டால் அட்டைகள் எல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும். அட்டை வீணாகிவிடும் என்று வேறு யாரையும் தொடவும் விடமாட்டார். மாட்டுவது, கழற்றுவது எல்லாம் அவர் கைதான்.

ஒரு கணவனும் மனைவியும் குக்கர் பார்க்க வந்தார்கள். மனைவி பார்த்தபோது ஒரு விலை. கணவனைக் கூப்பிட்டுக் காட்டினால் வேறு விலை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், மறுபடி பழைய விலை. நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பாத்தியா, நான் நின்னா கம்மியா இருக்குது, நீ பக்கத்துல வந்தாலே வெல ஏறிப்பூடுது" என்றார்.

மலைக்குப் போகிற போர்வைகள்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தங்களுக்காக மட்டும் வாங்குவதில்லை. பஸ் குறைவு, வழி தூரம். அதனால் ஒருத்தர் வந்தால் ஊருக்கே வாங்கிப்போவார். விலையைப் பார்த்ததும் மலைக்குப் போன் போட்டுச் சொல்லி, யார் யாருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் சாமானில் கை வைப்பார்.

மார்கழியில் ஒருநாள் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு என்கிற அக்கா வந்தார். குளிர்காலமாதலால் கடையில் ஃபேன் ஓடவில்லை. அட்டைகள் அசையாமல் தொங்கின. போர்வை விலையைப் பார்த்துப் போன் செய்து, ஊரிலிருந்த வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு மூட்டை போர்வையைக் கவுன்டருக்குக் கொண்டுவந்தார். மெஷின் ஒவ்வொன்றுக்கும் எண்பது ரூபாய் ஜாஸ்தி காட்டியது. எட்டிப் பார்த்தேன். அட்டை திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது, போன வருட விலை.

வித்தியாசத்தைக் கூட்டினால் என் சம்பளத்தில் பாதி காலி. வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? முதலாளி ஓடிவந்து, கைத்தவறுதலாக மாட்டிய அட்டைக்கெல்லாம் கடை பொறுப்பாகாது என்றார். அந்த அக்கா சத்தம் போடவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். "வூட்டுக்கு வூடு வெல சொல்லிட்டன். இப்ப ஏத்திச் சொன்னா நடுவுல நான் தின்னுட்டன்னு தான நெனப்பாங்க? நான் அந்த ஊர்லதாங்க இருக்கணும்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி என்னை முறைத்தார், வாயைத் திறக்காதே என்று அர்த்தம். எனக்கோ திடீரென்று கோபம் வந்துவிட்டது. ஊரில் திருடி என்று பெயர் வாங்கப்போவது அந்த அக்கா, சம்பளம் போகப்போவது எனக்கு. அட்டைக்கு மட்டும் ஒரு நஷ்டமும் இல்லை. போர்டின் இரண்டாவது வரியைச் சத்தமாகப் படித்தேன். பிறகு, "அந்த அட்டைய மாட்டுனது யாருங்க முதலாளி?" என்று கேட்டேன்.

முதலாளி அட்டையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அட்ட வெலைக்கே போடும்மா. வித்தியாசத்த எம்பேர்ல எழுதிக்கோ" என்றார். நான் பில்லைத் தட்டினேன். முதலாளி ஸ்டூலைப் போட்டு ஏறி அட்டையைக் கழற்றப் போனார். மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு அக்கா நின்று சொன்னார்: "இருக்கட்டும் வுடுங்க சார், அடுத்த வாரம் பக்கத்து ஊர்க்காரங்களும் எறங்கி வராங்க."

இப்போது எங்கள் கடையில் அட்டைகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே விலைதான், முதலாளி இரண்டு மடங்கு மை செலவானதை மட்டும் இன்னும் என்னிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கிறார்.