டொனேசனுக்குச் சேர்த்த காசு

எங்கள் ஊர்க் கலியாணப் பேச்சில் மூன்று விடயங்கள் கட்டாயம் வரும். பெண்ணுக்கு வீடும் காணியும், பெண்ணுக்கு நகை, மாப்பிள்ளையின் தகப்பன் கையில் ரொக்கம். அந்த ரொக்கத்துக்கு டொனேசன் என்று பெயர். ஏதோ கோயில் திருப்பணிக்கு மனமுவந்து கொடுத்ததைப் போல ஒரு பெயர்! மாப்பிள்ளையின் தகப்பன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு வரன் வரும்போது அந்த வீட்டாருக்குக் கொடுப்பார். அவர்கள் தங்கள் மகளுக்காக வேறொரு வீட்டுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் கையிலும் தங்காத காசு. மகனும் மகளும் உள்ள வீட்டில் இதைப் பற்றிப் பெரிய கவலை இருக்காது. மகனைக் கட்டிக் கொடுத்தால் வருகிற காசில் மகளைக் கட்டிக் கொடுத்துவிடலாம்.

எங்கள் வீட்டில் ஒரு மகன், ஒரு மகள். நானும் என் தங்கையும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அதைக் குழப்பினேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு எனக்கு இருபத்தாறு வயது. உடுவிலில் இருந்து சைக்கிளில் போய், வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே விஞ்ஞானம் படிப்பித்த ஒருத்தியை எனக்குப் பிடித்தது. அவளுக்கும் என்னைப் பிடித்தது. தகப்பன் இல்லாத வீடு, அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். டொனேசன் என்ற பேச்சை எடுத்தாலே அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். எனக்கோ அந்த வயதில் இந்த வழக்கத்தின் மேல் அடங்காத கோபம். மாட்டுச் சந்தை என்று ஆசிரியர் அறையில் உரத்துச் சொல்லுவேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் வழியில் அவளிடம் சொன்னேன்.

“ஒரு சதம் வாங்காமல் உம்மைக் கட்டுவன்.”

“அப்ப உங்கடை தங்கச்சிக்கு?” என்று கேட்டாள். கெட்டிக்காரி. நேரே அந்த இடத்தில் கையை வைத்தாள்.

“அதை நான் உழைச்சுக் குடுப்பன்.”

ஐயாவிடமும், அதாவது என் தகப்பனாரிடமும், இதையே சொன்னேன். அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போடுவார் என்று நினைத்துப் பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சத்தமே போடவில்லை.

“சரி. உன்னாலை வீட்டுக்கு வரவேண்டிய காசை நீயே உழைச்சுத் தா. பிறகு நீ ஆரைக் கட்டினாலும் நான் வாய் திறக்க மாட்டன்” என்றார்.

பள்ளிக்கூடச் சம்பளத்தில் அது இந்தப் பிறவியில் நடக்கிற காரியம் இல்லை. அந்தக் காலத்தில் நைஜீரியாவில் ஆசிரியர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பலர் போய் வந்து, முன்பக்கம் பூப்போட்ட இரும்புக் கிறில் வைத்த வீடுகள் கட்டியிருந்தார்கள். நானும் எழுதிப் போட்டேன், வேலை கிடைத்தது. எங்கள் தோட்டக் காணியை ஈடு வைத்து விமானச் சீட்டு வாங்கினேன். இரண்டு வருடம் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு வருடம் ஒரு பெரிய விடயமா என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நான் போன இடம் அந்த நாட்டின் வடக்கில் ஒரு சிறிய பட்டணம். வெயில், புழுதி, வேப்ப மரம். வேப்ப மரத்தைக் கண்டபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பள்ளிக்கூடம் தந்த வீட்டில் என்னோடு சாவகச்சேரிக்காரன் ஒருவன் இருந்தான். இரசாயனம் படிப்பிப்பவன், என் வயதுதான், பகிடிக்காரன். அவன் வந்த மாதமே ஒரு மின்விசிறியும் ஒரு றேடியோவும் வாங்கினான். நான் ஒன்றும் வாங்கவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருப்பது என்று முடிவெடுத்திருந்தேன். அரிசி விலை கூட என்று சோளமாக் களி கிண்டினேன். காலையும் அதுதான், இரவும் அதுதான், பக்கத்தில் ஒரு துண்டு கருவாடு. சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பாதி பாதியாகப் பாவித்தேன். பட்டணத்துக்கு நடந்தே போய் வந்தேன்.

“மச்சான், நீ காசு சேர்க்கேல்லை, வருத்தத்தைச் சேர்க்கிறாய்” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அப்படியே வந்தது. மலேரியா. நுளம்புவலைக்குச் செலவழிக்காதவன் ஆஸ்பத்திரிக்குச் செலவழித்தேன். இரண்டு கிழமை கட்டிலில் கிடந்து எழும்பியபோது, நான்கு மாதமாகக் களி தின்று மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரோடு கோபிப்பது? நுளம்போடா?

அடுத்த வருடம் சம்பளம் நின்றது. நின்றது என்றால் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வரும் என்றுதான் சொன்னார்கள். அதிபர் மாத முடிவில் ஆசிரியர் அறைக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவார். அந்த ஊர் ஆசிரியர்களுக்குத் தோட்டம் இருந்தது, ஆடு இருந்தது. எங்களுக்கு எதிர்க் கடைக்காரர்தான் கதி. கடனுக்குக் கொடுத்த நல்ல மனிதர், ஆனால் கடன் விலை வேறு. மூன்று மாதச் சம்பளம் ஒன்றாக வந்த அன்று, அவருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஊரில் இருந்திருந்தாலும் இவ்வளவு சேர்த்திருப்பேனோ என்று முதன்முதலாக நினைத்தது அன்றுதான். நினைத்தவுடன் பயந்துபோய் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

சேர்த்ததை ஊருக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய பாடு. சம்பளத்தில் பாதியை வங்கி வழியாக அனுப்பலாம் என்பது சட்டம். அதற்கு மாநிலத் தலைநகருக்கு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போய், கந்தோர் கந்தோராகக் கையெழுத்து வாங்க வேண்டும். போனால் அடுத்த கிழமை வா என்பார்கள். பஸ் காசு, அங்கே ஒரு இரவு தங்கும் காசு, இவை சேமிப்பில் இருந்துதான் போகும். சாவகச்சேரிக்காரன் இந்த அலைச்சலுக்கே போகவில்லை. சந்தையில் ஒரு வியாபாரியிடம் உள்ளூர்க் காசைக் கொடுத்து டொலராக மாற்றி, போகிறவர் வருகிறவரிடம் கொடுத்து அனுப்பினான். வியாபாரி கொடுப்பது வங்கி விலையில் மூன்றில் ஒரு பங்கு.

“மூண்டிலை ரெண்டு பங்கை அவனுக்குத் தூக்கிக் குடுக்கிறியே, உனக்கு விசரோ?” என்று கேட்டேன்.

“கையிலை வாறதுதான் காசு, மச்சான். மற்றதெல்லாம் கடதாசி” என்றான்.

நான் கணித ஆசிரியன். காத்திருந்தால் மூன்று மடங்கு என்று கண்ணுக்கு முன்னால் தெரியும்போது எந்த முட்டாள் அவசரப்படுவான்? கையெழுத்துகள் வரட்டும் என்று காசை வங்கியில் போட்டுவிட்டு இருந்தேன். இடைக்கிடை சிறு சிறு தொகைகள் போயின. பெரிய தொகை அங்கேயே கிடந்தது. அவளுக்கு எழுதும்போது, இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று எழுதினேன். அவள் ஷெல் விழுந்த இடங்களைப் பற்றியும், வகுப்பில் குறைந்துகொண்டே போகும் பெடியன்களைப் பற்றியும் எழுதினாள். அவை எனக்கு மனதில் ஏறவில்லை. எனக்கு அப்போது மனம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. ஒரு தொகைதான் இருந்தது.

இரண்டாம் வருட முடிவில் ஒரு நாள் சாவகச்சேரிக்காரனின் றேடியோவில் அந்த நாட்டு அரசாங்கம் அறிவித்தது. இனிமேல் பணத்துக்கு அரசாங்க விலை இல்லை, சந்தை விலைதான். சில நாட்களுக்குள் வங்கியில் கிடந்த என் காசின் பெறுமதி நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. நான் வங்கிக்கு ஓடினேன். அத்தனை மாதமும் என்னை அடுத்த கிழமை வரச்சொன்ன அதே அதிகாரி, அன்று சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுத் தந்தார். இப்போது எந்தத் தடையும் இல்லை, உடனே அனுப்பலாம் என்றார். வங்கி வாசலில் நின்ற வேம்பின் கீழே இருந்து நான் அழுதேன். வீதியால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெட்கமாக இருக்கவில்லை. வியாபாரியிடம் போயிருந்தால்கூட இதைவிடக் கூடக் கிடைத்திருக்கும் என்பதுதான் என்னைத் தின்றது. சாவகச்சேரிக்காரன் அன்று மட்டும் பகிடி பண்ணவில்லை. சோறு சமைத்து எனக்கும் போட்டான்.

அந்த மாதமே ஐயாவின் கடிதம் வந்தது. நெல்லியடியில் தங்கைக்கு ஒரு வரன் சரிவந்திருக்கிறது, அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், குடிவகை ஒன்றும் இல்லை, டொனேசன் ஐம்பதாயிரம் கேட்கிறார்கள், நாட்டு நிலைமையில் குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்திருக்க ஏலாது, நீ வா. நான் இருந்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கொழும்பில் இருந்து வான் வண்டி ஒன்றில் வந்தேன். வழியெல்லாம் இறக்கி ஏற்றி, பெட்டியைக் கிண்டிப் பார்த்தார்கள். நைஜீரியாவில் இருந்து வருகிறவனின் பெட்டியில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் மட்டும் இருந்தது ஒரு ஆமிக்காரனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து, முன்பு அனுப்பியதையும் இப்போது கொண்டுவந்ததையும் ஐயாவோடு சேர்த்துப் பார்த்தேன். முப்பத்தாறாயிரம்.

“பதினாலு குறையுது, தம்பி” என்றார் ஐயா.

“ஆரிட்டையும் மாறேலாதோ?”

“ஆர் இப்ப கடன் தருவினம்? எல்லாரும் தங்கடை பெடியளை வெளியிலை அனுப்பக் காசைப் பொத்தி வைச்சிருக்கினம். தோட்டக் காணி ஏற்கெனவே ஈட்டிலை கிடக்கு. வீடு இவளின்ரை சீதனம், அதைத் தொடேலாது.”

“ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுங்கோ. நான் திரும்பப் போய் அனுப்பிறன்.”

அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். பிறகு, தரகர் முதல் நாளே கொண்டுவந்திருந்த செய்தியைச் சொன்னார். நெல்லியடி மாப்பிள்ளைக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளை நான் கட்டினால் மாற்றுக் கலியாணம். அவர்கள் பெண் இங்கே, எங்கள் பெண் அங்கே. இரு பக்கமும் டொனேசன் இல்லை. சேர்த்த காசில் தோட்டக் காணியை மீட்டு, மிச்சத்தில் இரண்டு கலியாணத்தையும் ஒப்பேற்றிவிடலாம்.

“நான் வாக்குத் தவறேல்லைத் தம்பி. நீ முழுசாக் கொண்டுவந்திருந்தால் நான் இப்பவும் வாய் திறந்திருக்க மாட்டன்.”

அது உண்மை. அதனால்தான் என்னால் கத்தக்கூட முடியவில்லை. அறைக்குள் நின்ற தங்கை வெளியே வந்தாள். “அண்ணை, எனக்கு ஒண்டும் வேண்டாம். நான் இப்பிடியே இருந்திடுவன்” என்றாள். மெலிந்திருந்தாள். அவளும் ஏதோ இரண்டு வருடம் களி தின்றவள் போல இருந்தாள். அந்த ஒரு சொல்லோடு என் வீறாப்பு எல்லாம் முடிந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் வட்டுக்கோட்டைக்குப் போனேன். பள்ளிக்கூட வாசலில் அவளைக் கண்டு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வங்கி, விலை, குறைந்த தொகை, நெல்லியடி. அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

“நான் உங்களைக் காசு கொண்டுவரச் சொன்னனானோ? இஞ்சை இருந்திருந்தால் ரெண்டு வருஷம் ஒவ்வொரு நாளும் முகத்தையாவது பாத்திருக்கலாம். அதையும் கொண்டுபோய் அங்கை தொலைச்சுப்போட்டு வந்து நிக்கிறியள்.”

அவளுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது. நான் உருட்டித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே உருட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை.

இரண்டு கலியாணமும் ஒரே பகலில் நடந்தன. மேளகாரர் இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று அவசரப்பட்டு வாசித்தார்கள். தங்கை நெல்லியடிக்குப் போனாள். நெல்லியடிப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளை நான் குறை சொல்ல முடியாது. அமைதியானவள், வேலைகாரி. என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். பெண்பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளைப் பற்றி நான் நினைத்தது அவ்வளவுதான். எனக்கு என் இழவே பெரிதாக இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை, நான் கிணற்றில் அள்ளி ஊற்ற அவள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“ஒண்டு கேப்பன், மறைக்கக் கூடாது. உங்கடை வீட்டிலை டொனேசனுக்கு எவ்வளவு குறைஞ்சது?”

“பதினாலாயிரம்.”

தோய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“உவ்வளவுதானோ?” என்றாள். ஈரக் கையில் கிடந்த காப்புச் சோடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்தக் காப்பையும் சங்கிலியையும் வித்திருந்தால் வந்திருக்கும். நானே கொண்டுவந்து தந்து இந்த மாத்துக் கலியாணத்தை நிப்பாட்டியிருப்பன்.”

பிறகு சட்டையைக் கல்லில் போட்டாள்.

“ஆரும் என்னட்டைக் கேக்கேல்லை.”

நானும் கேட்கவில்லை. அது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.