மாமியார் படித்த மலையாளம்

எழுபத்திரண்டு வயதில் என் மாமியார் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் வலியசாலையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர், தப்பான பஸ்ஸில் ஏறி எங்கேயோ இறங்கி, ஆட்டோ பிடித்துக் கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, மூளைக்குப் புதிதாக ஏதாவது வேலை கொடுங்கள் என்றார்.

என் கணவர் குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கி வந்தார். மாமியார் அதைத் தொடவில்லை.

"அம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். பஸ் போர்டு படிக்கத் தெரியலை. அதைக் கத்துக்கறேன்" என்றார்.

மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், எழுத்துதான் தெரியாது. தமிழிலேயே ஐந்தாம் வகுப்போடு நின்றவர். என் மகளின் பழைய ஒன்றாம் வகுப்பு மலையாளப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுக்கச் சொன்னார். தினமும் காலை காபி ஆனதும் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பார். கூட்டெழுத்துகள் அவரை ரொம்பப் படுத்தின. "ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துண்டிருக்கே" என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் விடவில்லை. எட்டு மாதத்தில் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தார். முதலில் மரண அறிவிப்புகள்தான். திருநெல்வேலியிலிருந்து வந்து பதினைந்து வருடமாகியும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் அவருக்கு வலது கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நர்ஸ் ஒரு தாளை நீட்டி, "ஒப்பிட்டால் மதி, அம்மே" என்றாள். கையெழுத்துப் போட்டால் போதுமாம். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

மாமியார் வாங்கவில்லை. தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பாதியில் விரல் நின்றது.

"வலது கண்ணுன்னுதானே டாக்டர் சொன்னார்? இதுல இடதுன்னு போட்டிருக்கே" என்று என்னிடம் கேட்டார்.

நர்ஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். அப்படியே உள்ளே ஓடினாள். சிறிது நேரத்தில் டாக்டரே புதுத் தாளோடு வந்து மன்னிப்புக் கேட்டார்.

"சாரமில்லா" என்றார் மாமியார், பரவாயில்லை என்று. பிறகு அந்தத் தாளையும் முதல் வரியிலிருந்து படித்தார். டாக்டர் கையில் பேனாவோடு காத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். மறதி அடியோடு போகவில்லை; சில நாள் என் பெயரே நினைவுக்கு வராது. ஆனால் காலைப் பேப்பர் அவர் படித்து முடித்த பிறகுதான் எங்களுக்குக் கிடைக்கும்.