நம்பர் மாற்ற வந்த ஆள்

என் கணவர் காலமான பிறகு, இரும்புப் பெட்டியின் நம்பர் தெரிந்த என் கொழுந்தன் நினைத்தபோதெல்லாம் அதைத் திறந்தான். உள்ளே என் வீட்டுப் பத்திரம் இருந்தது. அதனால் நம்பரை மாற்ற, நாகல் நகரிலிருந்து ஒரு பூட்டுக்காரனை வரவழைத்தேன்.

எண்ணெய் வழியும் முகம், விரலெல்லாம் மோதிரம். நம்பர் மாற்றுவதற்கென்றே தனிச் சாவி உண்டாம். அதைத் தேடிப் பை நிறையச் சாவிகளைத் தரையில் கொட்டினான். ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திறந்திருந்த பெட்டிக் கதவின் உட்புறம் பூட்டின் பின்துளையில் நுழைப்பான். சேராவிட்டால், "சனியனே" என்று வீசுவான். பாதிப் பொழுது நடந்த இந்தக் கூத்துக்குப் பிறகு ஒன்று பொருந்தியது.

"புது நம்பர் சொல்லுங்கம்மா."

கொழுந்தன் கூடத்திலேயே இருந்தான். நான் பூட்டுக்காரன் காதருகே குனிந்து சொன்னேன்.

"அம்பத்திரெண்டு, பதினேழு, முப்பது. சரிதானம்மா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"எனக்கும் நல்லாக் கேட்டுச்சு மதினி" என்று கொழுந்தன் சிரித்தான்.

வேறு நம்பர் வைக்கச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், அந்த ஆள் அதையே வைத்து முடித்து, சாவியை மற்ற சாவிகளோடு சேர்த்துப் பையில் அள்ளிவிட்டான். மறுபடி மாற்றச் சொன்னதற்கு, "இனி அத எங்கிட்டுத் தேடுறது?" என்றான். வாசலில் திரும்பி, "நம்பர யார்ட்டயும் சொல்லிராதீகம்மா" என்று புத்தி வேறு சொன்னான்.

பத்திரத்தை அன்றே தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். அவன் வெறும் மடையனா, என் கொழுந்தனின் கையாளா என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.