கோழிக்குஞ்சுக்கு மூன்று ஷிப்டு

என் மகளுக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். மூன்றாம் வகுப்புப் பரீட்சைத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு மூளை இல்லம்மா, வுட்டுடு" என்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ காய்கறி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

நாலாம் வகுப்பில் அவளுடைய மிஸ் ஒரு கேம் கொடுத்தார். டேப்லெட்டில் ஒரு கோழிக்குஞ்சு. கணக்கைச் சரியாகப் போட்டால் அதற்குத் தீனி கிடைக்கும், வளரும். விடை சரியாக வர வர, கணக்கும் கடினமாகிக்கொண்டே போகும். ரொம்ப நேரம் யாரும் போடாவிட்டால் குஞ்சு மயங்கிப் படுத்துவிடும். டேப்பைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறார்கள் என்று நான் முணுமுணுத்தது உண்மை. ஆனால் யாரும் சொல்லாமலே அவள் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணி, ஏழும் எட்டும் பதினைந்து என்று குஞ்சுக்கு ஊட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பகலில்தான் சிக்கல். அவள் பள்ளிக்குப் போய்விடுவாள். நான் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறவள். சாயங்காலம் பார்த்தால் குஞ்சு மயங்கிக் கிடக்கும், இவள் தேம்புவாள். வீட்டில் இருப்பவர் என் மாமனார் ஒருவர்தான். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த ஷிப்டு ஆள் வந்து நிற்காமல் இடத்தைக் காலியாக விட்டு வரக் கூடாது என்று பழகிய உடம்பு. இன்றும் அடுப்பில் பால் இருந்தால், நான் வந்து பக்கத்தில் நின்றால்தான் நகர்வார்.

"நீ ஸ்கூலுக்குப் போ கண்ணு. குஞ்ச நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அந்த 'நாங்க'வை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்; ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் என் போனுக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. 'உங்கள் குழந்தை இப்போது கணக்கு போடுகிறாள். சபாஷ்!' அதுவும் பட்டப்பகலில். பள்ளியிலும் டேப் உண்டு, அங்கே போட வைக்கிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பும் ரயில் பங்காருபேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்கக் காட்டிவிடுவேன். "எங்க வூட்லயும் ஒண்ணு கீதே" என்று ஒரு அம்மாள் பெருமூச்சு விடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் குஞ்சு சேவலாகிக் கொண்டையை ஆட்டியது. மகளோ டேப்பைத் தொடுவதையே விட்டுவிட்டாள். கேட்டால், "அது எனக்கு வர்லம்மா. நான் சொன்னேன்ல" என்றாள். மறுபடியும் அதே குரல்.

ஒருநாள் காய்ச்சல் என்று லீவு போட்டுப் படுத்திருந்தேன். முன்னறையில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தால், மாமனாரும் அவரோடு வேலை செய்த இரண்டு பேரும் டேப்பைச் சுற்றி.

"எட்டு பர்சென்ட்டு தான்யா. பேங்க்ல குடுக்கிறான் பாரு, அதே கணக்கு. போடு" என்றார் ஒருவர். பென்ஷன்காரர்களுக்கு வட்டிக் கணக்கு தண்ணி பட்ட பாடு. போட்டு முடித்ததும் மாமனார் எழுந்தார். டேப்பை அடுத்தவர் இரண்டு கையாலும் வாங்கிய பிறகுதான் விட்டார்.

"இன்னா மாமா இது?"

"மூணு ஷிப்டு போட்டுக்கினோம்மா. குஞ்சு மயங்கிட்டா கொழந்த அழுதில்ல?"

"அவ கூட்டல் போட்டுனு இருந்தா மாமா. நீங்க வட்டி வரைக்கும் ஏத்தி வெச்சிட்டீங்க. சாயங்காலம் வந்து அவ இன்னா பண்ணுவா?"

மாமனார் சேவலைப் பார்த்தார்.

அன்று மாலையே மகள் வெளிறிப்போய் வந்தாள். வகுப்பிலேயே அவளுடைய சேவல்தான் பெரியதாம். நாளைக்குப் பெற்றோர் கூட்டத்தில், பெரிய திரையில், எல்லார் முன்னாலும் அவள் விளையாடிக் காட்ட வேண்டுமாம்.

மறுநாள், முன்கூட்டியே மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்று ஓடினேன். நான் போவதற்குள் அவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள். பின்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்று பெரியவர்கள். அவர்கள் வளர்த்த சேவல், வராமல் இருப்பார்களா?

திரையில் கேள்வி வந்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு எட்டு சதவீதம், இரண்டு வருடத்துக்கு வட்டி என்ன? மகள் அசையாமல் நின்றாள். "நூத்தித் தொண்ணூத்தி..." என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. திரும்பி முறைத்தேன். மீதியை விழுங்கிவிட்டார்கள்.

"மிஸ், இது என் ஷிப்டு இல்ல. எங்க தாத்தா ஷிப்டு" என்றாள் மகள்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். மிஸ்ஸுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ உன் ஷிப்டு எது?" என்றார்.

"கூட்டல், மிஸ்."

"அதுக்கு முட்டையில இருந்து ஆரம்பிக்கணும். சேவல் போயிடும். பரவாயில்லையா?"

பின்வரிசையில் ஒரு முனகல். மகள் சேவலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போகட்டும் மிஸ். அது நான் வளத்தது இல்ல."

அவளே அழித்தாள். வெறும் முட்டை வந்தது. ஒன்பதும் ஆறும் எவ்வளவு? அத்தனை பேர் முன்னாலும் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். பதினைந்தை அழுத்தினாள். முட்டையில் ஒரு விரிசல் விழுந்தது. நான் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

வீடு திரும்பும்போது மாமனார் தன் போனை நீட்டி, "எங்களுக்குன்னு ஒரு முட்ட எறக்கிக் குடும்மா" என்றார். இறக்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த பள்ளி நாளில், நான் ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பே மகள் எழுந்து, டேப்பை அலமாரியில் வைத்துவிட்டு அவரிடம் வந்தாள்.

"தாத்தா, என் குஞ்ச தொடாதீங்க. மயங்கினா மயங்கட்டும். நான் வந்து எழுப்பிக்கிறேன்."