‘ஃபைல் பிஸி’ என்று வந்தபோது

தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளராக இருந்தேன். ஆசிரியர், மாணவர் அனைவருக்கும் ஒரே சர்வர்தான்.

ஒரு காலை மேரி மேடம் பதற்றமாக வந்தார். "சார், என் பாஸ்வேர்டு பசங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. உள்ள கொஸ்டின் பேப்பர் இருக்கு. மாத்தப் போனா ‘பாஸ்வேர்டு ஃபைல் பிஸி’ன்னே வருது."

"ஒழுங்கா டைப் பண்ணத் தெரியலன்னா சர்வர் என்ன மேடம் பண்ணும்?" என்றேன். சுற்றியிருந்த மாணவர்கள் சிரித்தார்கள். அவர் மறுபடி மறுபடி முயன்று, முகம் சிவந்து வெளியேறினார்.

மாலையில் கிளம்பும்போதுதான் என் திரையைக் கவனித்தேன். எல்லோருடைய பாஸ்வேர்டும் பதிவாகும் ஃபைலை முந்தைய நாள் திருத்தத் திறந்தவன், மூடாமலே விட்டிருக்கிறேன். நான் மூடாதவரை வேறு யாராலும் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. இது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

மூடிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். "மேடம், தப்பு என்னுது."

"பேப்பரை வேற மாதிரி எழுதிட்டேன் சார். இதை மட்டும் லேப்ல, பசங்க முன்னாடி சொல்லுங்க" என்றார்.

இப்போதெல்லாம் யார் குறை சொன்னாலும் முதலில் என் திரையைத்தான் பார்க்கிறேன். ஆனால் மேடம் கேட்டபடி லேபில் மாணவர்கள் முன்னால் என் தப்பை நான் கடைசிவரை சொல்லவே இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.